ஜப்பான் கன்டென்சர்

அந்த மனுஷனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னு கேட்டா, நாலுக்கு நான் எங்க போறது? துணிமணி சுத்தமா உடுத்துவாரு. சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது. அது ஒண்ணு. மீதி மூணை நீங்க வேற யாரையாவதுதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

திண்டிவனத்துல கிடங்கல் பக்கம் வீடு. பெரிய உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆனவரு. தெருவுல அவருக்கு ‘ஒரிஜினல்’னுதான் பேரு. பால்காரரு, கேபிள்காரரு, எதிர்வீட்டு டீச்சரம்மா எல்லாரும் அவரு தலை மறைஞ்சதும் அப்படித்தான் சொல்லுவாங்க. “ஒரிஜினல் இன்னிக்கு வாக்கிங் போகல போல.” “ஒரிஜினல் வீட்ல மோட்டார் ஓடலியாம்.” எதைக் காட்டினாலும் அவரு வாயில மொதல்ல வர்ற வார்த்தை அதான். கூடைக்காரம்மா முருங்கைக்காய் கொண்டாந்தாக்கூட, “இது ஒரிஜினல் நாட்டுக்காயா?”ன்னு ஒரு கேள்வி. அந்தம்மா ஒரு நாளு, “இல்ல சாமி, பிளாஸ்டிக்கு”ன்னுட்டுப் போயிடுச்சாம்.

மல்லாட்டை எண்ணெய், அதான் கடலை எண்ணெய், அது வாங்க கெடாருக்குப் போவாரு. திண்டிவனத்தைச் சுத்தி மல்லாட்டை வெளையாத ஊரு எது, நீங்களே சொல்லுங்க. இவரு பஸ் ஏறி விழுப்புரம் வருவாரு, அங்கேருந்து கெடாருக்கு இன்னொரு பஸ். செக்கு ஓடறப்ப பக்கத்துலயே நின்னுக்கினு கண்ணை எடுக்காம பாப்பாரு. கண்ணை எடுத்தா பாமாயிலைக் கலந்துடுவாங்களாம். திரும்பி வர்றப்பதான் எண்ணெய்த் தூக்கோட என் கடைக்கு வந்தாரு. எனக்கு விழுப்புரத்துல, ஸ்டேஷன் போற ரோட்டுல கடை. டிவி, மிக்சி, இன்வெர்ட்டர், கோயில் ஆம்ப்ளிஃபயர், எல்லாம் பாப்பேன்.

“பாட்டுத் தட்டு போடற செட்டு ஒண்ணு வீட்ல இருக்குது, பாப்பியா?”ன்னாரு. நான்தான் சும்மா இருக்காம வாயைக் குடுத்தேன். “என்னாங்க சார், ரெக்கார்டு பிளேயருங்களா?”ன்னேன். அவ்வளவுதான்.

“டர்ன்டேபிள்னு சொல்லு. ரெக்கார்டு பிளேயர்ன்றது டீக்கடையில வெக்கிறது.”

சரிடா சாமி, டர்ன்டேபிள். பேரு மாத்திட்டா ரிப்பேர் ஆவாதா?

மறுநாளு திண்டிவனம் போய் பாத்தேன். செட்டு என்னவோ அருமையான செட்டுதான், அதை நான் கொறை சொல்ல மாட்டேன். ஜப்பான்ல செஞ்சது. வேலை பாத்த காலத்துல யாரோ கப்பல்காரர்கிட்ட வாங்கினாராம். மேல வெல்வெட்டுத் துணி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரு, அதுக்கும் மேல ஒரு பெட்ஷீட்டு. போட்டுப் பாத்தேன். ரெண்டு நிமிஷம் ஒழுங்கா சுத்துச்சு. அப்புறம் தட்டு தயங்குது, திடீர்னு ஓடுது, மறுபடியும் தயங்குது. ஸ்பீக்கர்ல ‘ஊங்’னு ஒரே எரைச்சல். பாடறவரு தூக்கத்துல எழுந்து பாடற மாதிரி இழுக்குறாரு.

கீழ்த்தட்டைக் கழட்டினதுமே தெரிஞ்சு போச்சு. பவர் சப்ளையில நீல உறை போட்ட ரெண்டு பெரிய கன்டென்சரு. ஒண்ணு தலை உப்பிக்கினு நிக்குது, இன்னொண்ணு அடியில கசிஞ்சு போர்டெல்லாம் பழுப்பேறிக் கெடக்குது. டிரான்ஸ்ஃபார்மர் கொறைச்சுக் குடுக்கற கரண்டை ஏத்தம் எறக்கம் இல்லாம மோட்டாருக்கு சீராக் குடுக்கறதுக்குத்தான் அது இருக்குது. உள்ள ஈரமா ஒரு சமாச்சாரம் இருக்கும், வருஷம் ஆக ஆகக் காஞ்சுடும். காஞ்சா கரண்டு சீரா வராது, தட்டு ஒரே வேகத்துல சுத்தாது. ஜப்பான்ல செஞ்சா மட்டும் காயாதா?

“ரெண்டு பெருசு, கூட நாலஞ்சு சிறுசு. மாத்திட்டா போதுங்க சார். ஒரு மத்தியான வேலை. அதுவரைக்கும் ஸ்விட்ச் போடாதீங்க. இப்படியே ஓட்டினா மோட்டார் ஐசி போயிடும். அது போச்சுன்னா ஒலகத்துல எங்கியும் கெடைக்காது”ன்னேன்.

“என்னா கன்டென்சர் போடுவே?”

“நல்லதாவே போடுறேன் சார். விழுப்புரத்துலயே கெடைக்குது.”

மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. நான் என்னவோ கோயில் கர்ப்பக்கிரகத்துல செருப்பு வெக்கிறேன்னு சொன்ன மாதிரி. “விழுப்புரத்துச் சரக்கை இதுல போடுறதா? அதே கம்பெனி, அதே நீலம், அதே எழுத்து. ஒரிஜினல் இல்லாம கை வெக்காத.”

“அதை நிறுத்தி எத்தினியோ வருஷம் ஆவுதுங்க.”

“தேடினா கெடைக்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நீ மிக்சி ரிப்பேர்காரன், உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது.”

மிக்சி ரிப்பேர்காரன்! மிக்சி ரிப்பேர் பண்ணித்தான் ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெக்கிறேன். ஒரு மிக்சியைக் கழட்டி மாட்டத் தெரியுமா இவருக்கு? கடைக்குத் திரும்பி வந்தும் எனக்கு சோறு எறங்கல. என் வீட்டுக்காரி, “இன்னாத்துக்கு இப்படி மொறைச்சிக்கினு இருக்குற?”ன்னு ரெண்டு தபா கேட்டா.

அன்னிக்கு அங்கியே தலை முழுகிட்டு வந்திருப்பேன், அந்த செட்டும் வேணாம் அந்த சகவாசமும் வேணாம்னு. அவரோட சம்சாரம்தான் என்னை நிறுத்தி வெச்சது. ஒல்லியா, சிரிச்ச மொகமா ஒரு அம்மா. அவருக்கு போன் வந்து மாடிக்குப் போன நேரம் பாத்து, காபித் தம்ளரோட வந்து எதிர்ல ஒக்காந்துக்கினாங்க. நாம பேசறப்ப நம்ம வாயையே பாப்பாங்க. காதுல மெஷினு. அதோட நம்ம உதட்டையும் பாத்துதான் புரிஞ்சுக்கணும்.

“தம்பி, அந்த அலமாரியில ஒரு ரெக்கார்டு இருக்குது. நாகசுரம். அதுல தவுல் வாசிச்சது எங்கண்ணன்”னாங்க. “அட்டையில அவரு பேரு கூட இல்ல. நாகசுரக்காரரு பேரு மட்டும்தான். ரெண்டாம் பக்கத்துல எங்கண்ணன் தனியா வாசிப்பாரு பாரு, அப்படி இருக்கும். அண்ணன் போயி சேந்துட்டாரு. அவரு வாசிச்சது வேற எங்கியும் இல்ல, போன்ல தேடிக்கூட பாத்துட்டான் எம்புள்ள.”

“எத்தினி தடவை கேட்டிருப்பீங்கம்மா?”

“எங்க விடறாரு? ஊசி பட்டா தட்டு தேயுமாம். பொங்கலுக்கு ஒரு வாட்டி போடுவாரு. அப்பவும் மொதல் பக்கம் மட்டும்.” சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னாங்க. “எனக்குக் காது போயிக்கினு இருக்குது தம்பி. நரம்பாம். புதுச்சேரி டாக்டரு சொல்லிட்டாரு, இருக்கறதை வெச்சிக்கினு ஓட்டலாம், போனது திரும்பி வராதுன்னு. அதுக்குள்ள அந்த ரெண்டாம் பக்கத்தை ஒரே ஒரு தபா கேட்டுடணும். ஜல்தியா பண்ணிக் குடு.”

இதை அந்தாளுகிட்டயும் சொல்லியிருக்காங்க. தெரிஞ்சும்தான் அவரு ஜப்பான் கன்டென்சர் தேடிக்கினு இருந்தாரு. நான் சும்மா இருந்தேனா? இல்ல. என் மச்சானுக்குத் தெரிஞ்சவன்கிட்ட ஒரு சின்ன பிளேயர் இருக்குது, கொண்டாந்து போட்டுக் காட்டுறேன்னேன். “சைனா ஊசி பட்டா தட்டைக் கிழிச்சிடும்.” சரி, சென்னையில நல்ல எடம் இருக்குது, ரெக்கார்டைக் குடுத்தா போன்ல ஏத்திக் குடுத்துடுவான்னேன். “வீட்டுப்படி தாண்டி தட்டு போவாது. போன்ல கேக்கறது ஒரு கேள்வியா?” அட, கேக்கப் போறது நீயா அந்த அம்மாவாய்யா? பேஜாரு புடிச்ச மனுஷன்.

திருவக்கரை கதை கேளுங்க. பௌர்ணமிக்கு அம்மனைப் பாக்க ரெண்டு பேரும் போயிருக்காங்க. அப்படியே பக்கத்துல அந்த மரப் பூங்காவுக்கும். மண்ணுக்கடியில யுகம் யுகமாக் கெடந்து கல்லா ஆயிட்ட மரம். இவரு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “இது ஒரிஜினலா, இல்ல சிமெண்டுல செஞ்சு போட்டதா?”ன்னு கேட்டிருக்காரு. வாட்ச்மேன் ஒரு நிமிஷம் இவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, “தெரியலீங்க சார், நான் போன வருஷம்தான் வேலைக்குச் சேந்தேன்”னானாம். அந்த அம்மா இதைச் சொல்லிட்டு வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. அவங்களும் அவரைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினுதான் இத்தினி வருஷம் ஓட்டியிருக்காங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அஞ்சாறு மாசம் கழிச்சு ஒரு பார்சல் வந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற புள்ள எங்கியோ ஏலத்துல புடிச்சு அனுப்பியிருக்கான். அதே கம்பெனி, அதே நீலம், அதே எழுத்து. பெட்டியை ஒடைக்காம அப்படியே கடைக்குத் தூக்கிக்கினு வந்து, குழந்தையைக் காட்டற மாதிரி காட்டினாரு. மீட்டர்ல வெச்சுப் பாத்தேன். செத்துப் போச்சு. ரெண்டும்.

“சார், இதுவும் உங்க செட்டு வயசுதான். ஓட்டினாலும் ஓட்டாட்டியும் உள்ள காஞ்சுடும். பரண்ல கெடக்கற மாத்திரைக்கும் தேதி முடியும் இல்லீங்களா, அந்த மாதிரி.”

“உன் மீட்டர் எந்த ஊரு?”

“இன்னா சார்?”

“மீட்டர் டூப்ளிகேட்டா இருந்தா எதை வெச்சாலும் செத்ததாத்தான் காட்டும்.”

சிரிப்பு வந்துச்சு எனக்கு, வாயை மூடிக்கினேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுத்த வாரமே அதைத் தூக்கிக்கினு சென்னைக்குப் போயிருக்காரு. அங்க இருந்த கடைக்காரனும் அதேதான் சொல்லியிருக்கான். அவன்கிட்டயும் சண்டை போட்டுட்டு வந்து, புள்ளைக்கு போன் பண்ணி இன்னொரு ஜோடி தேடச் சொன்னாரு.

அந்த அம்மாவோட காது மெஷின் சமாச்சாரமும் அதே லட்சணம்தான். ஒசத்தியான மெஷினு, வெளிநாட்டுது, அதுல கொறை வெக்கல. ஆனா அதுக்குள்ள போடுற பொட்டு மாதிரி பேட்டரி இருக்குது பாருங்க, அதுவும் மெஷின் கம்பெனியே போட்டதா இருக்கணுமாம். திண்டிவனத்துல மெடிக்கல்ல அதே சைஸ்ல வேற பேட்டரி தொங்குது, கேட்டா குடுப்பான். இவரு சென்னைக்கு எழுதிப் போட்டு வரவழைப்பாரு. வர்ற வரைக்கும் மெஷின் டப்பாவுல கெடக்கும், அந்த அம்மா ஊமைப்படம் பாத்துக்கினு இருப்பாங்க. ஒரு தடவை நான் போனப்ப அப்படித்தான் இருந்தாங்க. எத்தினி நாளாம்மான்னு விரலால கேட்டேன். ஒன்பது விரலை விரிச்சுக் காட்டினாங்க.

அன்னிக்கு அந்தாளை ரெண்டு அறை விடணும்னு எனக்குக் கை பரபரத்துச்சு. நெசமாவே.

இப்ப ஒண்ணு சொல்றேன். இந்தக் கன்டென்சருக்கு ஒரு வழி இருக்குதுன்னு எனக்கு மொதல் நாளே தெரியும். புதுச்சேரியில பழைய வால்வு ரேடியோ சேக்கறவரு ஒருத்தருக்குச் செஞ்சே குடுத்திருக்கேன். பழைய கன்டென்சரோட உறையைக் கழட்டி, அடியை அறுத்து, உள்ள இருக்கற காஞ்ச சரக்கை நோண்டி எடுத்துடணும். புதுக் கன்டென்சரை உள்ள வெச்சு மூடி, உறையை மறுபடியும் மாட்டிடணும். இப்ப வர்றது பழசுல பாதி சைசுதான், தாராளமா உள்ள போவும். வெளிய பாத்தா அதே நீலம், அதே எழுத்து. ஆண்டவனே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது.

ஆனா நான் எதுக்கு செய்யணும்? செஞ்சா இன்னா சொல்லுவாரு? பாத்தியா, ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்னு மீசையைத் தடவுவாரு. மிக்சி ரிப்பேர்காரன்னு சொன்ன அதே வாயி, “நீ சொன்னதுதாம்ப்பா சரி, உன் இஷ்டப்படி போடு”ன்னு சொல்லணும். சொல்லட்டும், அடுத்த பஸ்ல வந்து மாட்டிக் குடுக்குறேன்னு இருந்தேன். அதுல என்ன தப்பு? எனக்கும் ரோஷம் இருக்குது இல்ல?

ரெண்டாவது பார்சல் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அதுக்குள்ள அவரு நாலு தடவை கடைக்கு வந்திருப்பாரு, கெடார் எண்ணெயோட. ஒவ்வொரு தடவையும் நான் ஒரே கேள்விதான் கேப்பேன். “இன்னா சார், நம்ம ஊரு சரக்கைப் போட்டுடலாமா?” வேணும்னேதான் கேப்பேன். அவரும் வேணும்னே, “உன் ஊரு சரக்கை உன் மிக்சியில போடு”ம்பாரு. கடையில இருக்கறவங்க சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிப்பேன். ரெண்டு பேருக்கும் அது ஒரு வெளையாட்டு மாதிரியே ஆயிப் போச்சு.

பார்சல் வந்துட்டுது, வந்து மாட்டுன்னு போன் பண்ணாரு. போனேன். அவரு மாடியில இருந்தாரு. வாசல்ல செருப்பை விட்டுட்டு, “அம்மா”ன்னேன். பதில் இல்ல. உள்ள போனா சமையக்கட்டுல நின்னுக்கினு காய் நறுக்கிக்கினு இருக்காங்க. கையெட்டற தூரத்துல அடுப்பு, குக்கரு விசில் அடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு. திரும்பல. நாலு, அஞ்சு. வாசனை புடிச்சுதான் திரும்பிப் பாத்து அடுப்பை அணைச்சாங்க. காதுல மெஷின் மாட்டித்தான் இருந்துச்சு. என்னைப் பாத்ததும், “வா தம்பி, எப்ப வந்த? காலையில மாத்தினதுதான், இந்தப் பேட்டரியும் தீந்து போச்சு போல”ன்னாங்க, ரொம்ப சத்தமா.

காலையில மாத்தின பேட்டரி அதுக்குள்ள தீராதுன்னு எனக்குத் தெரியும்.

அவரு படி எறங்கி வந்து பார்சலைக் குடுத்தாரு. மீட்டர் வெச்சே பாக்கல நான். பாக்காமலே தெரியும். “கடையில வெச்சு டெஸ்ட் பண்ணிக்கினு நாளைக்கே கொண்டாந்து மாட்டுறேன் சார்”னு சொல்லி வாங்கிக்கினு, முதல் பஸ் புடிச்சு விழுப்புரம் வந்தேன். ஷட்டரைப் பாதி எறக்கிட்டு ஒக்காந்தேன். சுடுதண்ணியில போட்டு நீல உறையை உருவினேன், அடியை அறுத்தேன், நோண்டினேன், புதுசை வெச்சு ஈயத்துல பத்த வெச்சேன், மூடினேன். டீ கூட குடிக்கல. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டும் ரெடி. சிறுசு எல்லாத்துக்கும் நம்ம கடை சரக்கையே எடுத்து வெச்சிக்கினேன். அதெல்லாம் போர்டுக்கு அந்தப் பக்கம், அவரு கண்ணுக்குத் தெரியாது.

மறுநாளு காலையில போயி மாட்டினேன். பக்கத்துலயே நின்னு, எழுத்து மேல் பக்கம் பாத்த மாதிரி இருக்குதான்னு சரி பாத்தாரு. ஸ்விட்சைப் போட்டேன். தட்டு சுத்துது பாருங்க, அப்படியே வழுக்கிக்கினு போவுது. ‘ஊங்’ சத்தம் சுத்தமா இல்ல. அவரு அலமாரியைத் தொறந்து அந்த ரெக்கார்டை எடுத்தாரு, துடைச்சாரு, ரெண்டாம் பக்கமா திருப்பி வெச்சாரு. நான் கேக்கலை, அவராவேதான் ரெண்டாம் பக்கம் வெச்சாரு. இதையும் சொல்லிடணும் இல்ல, சொல்லிட்டேன்.

அந்த அம்மா சோபாவுல வந்து ஒக்காந்தாங்க. சேலையை இழுத்து விட்டுக்கினு, கோயில்ல கச்சேரி கேக்க ஒக்காந்த மாதிரி. தொடையில தாளம் போட ஆரம்பிச்சாங்க. அவரு அப்பதான் ஊசியைக் கையில புடிச்சிருக்காரு. தட்டுல எறங்கவே இல்ல.

எனக்குப் புரிஞ்சு போச்சு.

ஊசி எறங்குச்சு. நாகசுரம் கொஞ்ச நேரம் வந்து நிக்க, தவுல் தனியா புடிச்சுச்சு. நான் கோயில் கோயிலா மைக் செட்டு கட்டினவன், எத்தினியோ தவுல் கேட்டிருக்கேன். இந்த மாதிரி கேட்டதில்ல. கூடமே அதிருது. அவரு கண்ணை மூடிக்கினு, “கேக்குதா?”ன்னாரு. அந்த அம்மா தாளம் போடற தன் கையையே பாத்துக்கினு இருந்தாங்க. அவரு கண்ணைத் தொறந்து அவங்களைப் பாத்து மறுபடியும், “கேக்குதா?”ன்னாரு.

இப்ப உதட்டைப் பாத்துட்டாங்க. “நல்லா கேக்குதுங்க. அண்ணன் எதிர்ல ஒக்காந்து வாசிக்கற மாதிரியே இருக்குது.”

அந்தாளு என் பக்கம் திரும்பினாரு. மூஞ்சியில அப்படி ஒரு பெருமை. “பாத்தியாப்பா மெக்கானிக்? ரெண்டு வருஷம் காத்துக்கினு இருந்ததுக்குப் பலன். அன்னிக்கே உன் பேச்சைக் கேட்டு விழுப்புரத்துச் சரக்கைப் போட்டிருந்தா இந்தச் சத்தம் வந்திருக்குமா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. உள்ள இருக்கறது எந்த ஊரு சரக்கு தெரியுமாய்யா, உன் பொண்டாட்டிக்கு ஒரு எழவும் கேக்கலைய்யான்னு போட்டு ஒடைச்சிருப்பேன். அந்த அம்மா தாளத்தை நிறுத்தாமலே என்னைப் பாத்து லேசாத் தலையை ஆட்டினாங்க. வேணாம்னு. நான் ஸ்குரூடிரைவரைப் பைக்குள்ள போட்டுக்கினு எழுந்துட்டேன்.

அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்தாங்க. உள்ள தவுல் ஓடிக்கினு இருக்குது, அவரு சத்தத்தை இன்னும் ஏத்தி விட்டிருக்காரு. வெளி கேட்டு பக்கத்துல நின்னுக்கினு கேட்டாங்க, “உள்ள உன் சரக்கைத்தானே வெச்ச?”

ஆமாம்னு தலையாட்டினேன்.

“நேத்து மீட்டர் கூட வெக்காம எடுத்துக்கினு ஓடினப்பவே தெரியும். அவரு அப்படியே நெனைச்சிக்கினு இருக்கட்டும், விடு.” அப்புறம் கேட்டாங்க, “இந்த வேலைக்கு எத்தினி நாளு ஆச்சு தம்பி?”

ஒரு விரலைக் காட்டினேன்.

“ஒரு நாளா?” கோவமெல்லாம் இல்ல அவங்களுக்கு, புரியாமதான் கேட்டாங்க. “அப்ப ஏம்ப்பா ரெண்டு வருஷம்?”

பதில் சொல்லாம இருக்க முடியல. சொன்னேன். அவரு என்கிட்ட வந்து தலை குனியட்டும்னு இருந்துட்டேம்மா, உங்க காதை நான் நெனைச்சே பாக்கலம்மான்னு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். செருப்பை மாட்டற மாதிரி கீழ குனிஞ்சிக்கினு, என் உதடு அவங்களுக்குத் தெரியாத மாதிரி சொன்னேன்.

நிமிந்தப்ப, “என்னாமோ சொன்னியே, என்னா தம்பி?”ன்னாங்க.

ஒண்ணும் இல்லம்மா, வர்றேன்னு கையைக் காட்டிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன்.